பெயரை மறைத்துவிட்டுப் போட்டால் கதை எங்கிருந்து வருகிறது?

லயத்துவாசல் | 3 மார்ச் 2024, இரவு 9:40

இன்று மண்டபத்தில் நம் இசைக் கேட்புக் கூட்டத்துக்குப் போலந்து இசையமைப்பாளர் பெண்டெரெட்ஸ்கியின் "ஹிரோஷிமாவில் மாண்டவர்களுக்கான ஒப்பாரி" போட்டோம். தொடங்கும் முன்பே பெயரைச் சொல்லியாயிற்று. முடிந்ததும் ஆளாளுக்கு விமானம், குண்டு, எரியும் ஊர். பெயரைச் சொல்லாமல் போட்டிருந்தால் ஒருவர் காதிலாவது குண்டு விழுந்திருக்குமா? நான் சொல்வது இதுதான்: நவீன மேற்கத்திய செவ்வியல் இசையில் கதை கிடையாது. குறிப்புத்தாளில் எழுதியிருப்பதற்குத் தலையாட்டுகிறோம், அவ்வளவுதான். மறுப்பவர்கள் வாருங்கள்.

நாலாங்கட்டை | 3 மார்ச் 2024, இரவு 11:05

பாதி சரி, தம்பி. அந்த உருப்படிக்கு முதலில் இருந்த பெயரே 8'37" தான். வெறும் நேர அளவு. வாசித்துக் கேட்ட பிறகுதான் பெண்டெரெட்ஸ்கி ஹிரோஷிமாவைப் பெயரில் சேர்த்தார். ஆக, எழுதும்போது குண்டு இல்லை.

மீதிப் பாதியைப் பார்ப்போம். அதே ஒலிக்கு "கல்யாண ஊர்வலம்" என்று பெயர் வைத்துப் பாருங்கள். ஒட்டாது. ஏன் ஒட்டாது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 24 வயலின், 10 வியோலா, 10 செல்லோ, 8 டபுள் பேஸ், மொத்தம் 52 தந்தி வாத்தியங்கள். தொடக்கத்தில் ஒவ்வொருவரும் தங்கள் வாத்தியத்தில் எட்டக்கூடிய மிக உயர்ந்த சுரத்தை இழுக்கிறார்கள். எந்தச் சுரம் என்று எழுதவே இல்லை. தாளம் கிடையாது, நேரத்தை விநாடியில் குறித்திருக்கிறார். தனியாக ஒரு வாத்தியம் முன்னுக்கு வந்து பாடுவதும் இல்லை. கடைசியில் 52 பேரும் கால் சுர இடைவெளியில் நெருக்கி ஒரே கட்டியாக உச்ச பலத்தில் இழுத்து, 30 விநாடியில் தேய்கிறார்கள்.

தாளம் இல்லாததால் யாரும் நடக்கவோ ஆடவோ முடியாது. தனிக்குரல் இல்லாததால் நாயகன் இல்லை, கூட்டம் மட்டும்தான். உச்சியில் தொடங்குவதால் தப்பிக்க மேலே இடமில்லை. இந்த மூன்றும் சேர்ந்து சில கதைகளை உள்ளே விடுகின்றன, பல கதைகளை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன. பெயர் வந்து உட்கார்வது அதற்குப் பிறகுதான்.

உறுமிக்காரர் | 4 மார்ச் 2024, காலை 7:15

அண்ணே, அதுல செல்லோ சறுக்கிக்கிட்டு ஏறி இறங்குற இடம் இருக்கில்ல? அது உறுமியில வளைஞ்ச குச்சிய வச்சுத் தேய்க்கிற இழுவைதான். பேரு தெரியாம நம்ம ஆளு காதுல விழுந்தா அவனுக்கு குண்டு இல்ல, சாமி இறங்குற நேரம். இதையும் கணக்குல சேருங்க.

நாலாங்கட்டை | 4 மார்ச் 2024, இரவு 8:50

உறுமிக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அதற்கு ஆய்வும் இருக்கிறது. இசை ஆய்வாளர் எலிசபெத் மார்குலிசும் சகாக்களும் 2022-இல் வெளியிட்டது. வார்த்தையில்லாத இசைத் துணுக்குகளைப் போட்டு, மனத்தில் என்ன கதை ஓடியது என்று எழுதிவாங்கினார்கள். கேட்டவர்கள் மூன்று கூட்டம்: அமெரிக்காவில் ஆர்கன்சா, மிச்சிகன் என்ற இரு இடங்கள், சீனாவின் குய்ச்சோ மாநிலத்தில் டிமென் என்ற கிராமம். அமெரிக்கர்களின் கதைகள், ஒருவரை ஒருவர் பார்த்திராதவர்கள் எழுதியிருந்தும், வியக்கும்படி ஒத்துப்போயின. டிமென் மக்களுடைய கதைகள் தங்களுக்குள் ஒத்துப்போயின. ஆனால் இரண்டு நாட்டுக் கதைகளும் ஒன்றோடொன்று சேரவில்லை.

இதை "ஆளுக்கு ஒரு கதை" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு ஒரு கதை என்றுதான் ஆய்வு காட்டுகிறது. சினிமா, கோயில், பள்ளி, சாவு வீடு என்று ஒரே இடங்களில் ஒரே ஒலிகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்கிறார்கள். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டில் செல்லோ சறுக்கினால் சாமி வருவது தவறான கேட்பு அல்ல.

லயத்துவாசல் | 4 மார்ச் 2024, இரவு 10:20

அப்படியானால் கதை நம் தலையில்தான் இருக்கிறது. நான் சொன்னதையே நீட்டி எழுதியிருக்கிறீர்கள், அண்ணே.

நாலாங்கட்டை | 5 மார்ச் 2024, காலை 6:30

தலையில் இருக்கிறது என்பதால் இசையில் இல்லை என்று ஆகாது. 1944-இல் ஹைடர், சிம்மல் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சிறு படம் காட்டினார்கள். பெரிய முக்கோணம், சின்ன முக்கோணம், ஒரு வட்டம், கதவு போல் திறக்கும் ஒரு கட்டம். அவை நகர்கின்றன, வேறொன்றும் இல்லை. பார்த்ததை எழுதச் சொன்னதும் 34 பேரில் ஒருவர்தான் வடிவங்கள் நகர்ந்ததாக எழுதினார். மற்றவர்கள் எல்லாரும் அடிக்கிறான், துரத்துகிறான், ஒளிகிறாள் என்று உயிருள்ளவையாகவே எழுதினார்கள். ஆனால் பெரிய முக்கோணம் முட்டித் தள்ளியதால்தான் அது சண்டைக்காரன் ஆனது. அசையாமல் இருந்திருந்தால் ஆகியிருக்காது.

இசையிலும் முதலில் தேட வேண்டியது அதையே. யார் நகர்கிறார், யார் நகரவில்லை? இதற்கு அமெரிக்க இசையமைப்பாளர் ஐவ்ஸின் "விடையில்லாக் கேள்வி"யைவிடத் தெளிவான உருப்படி இல்லை. 1908-இல் எழுதியது, ஆறு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூன்று கூட்டம். தந்திகள் மேடைக்கு வெளியிலிருந்து மிக மெல்லிய நீண்ட சுரங்களை இழுத்துக்கொண்டே இருக்கும், எது நடந்தாலும் மாறாது. டிரம்பெட் ஐந்து சுரத்தில் ஒரு சொற்றொடரைக் கிட்டத்தட்ட மாற்றமில்லாமல் 7 தடவை சொல்லும். குழல்கள் 6 தடவை பதில் சொல்லும், ஒவ்வொரு தடவையும் வேகமாக, சிடுசிடுப்பாக, ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு. ஏழாவது கேள்விக்குப் பதில் வராது.

ஐவ்ஸே இதற்கு ஒரு முன்னுரை எழுதினார், உண்மைதான். அதை மறைத்துவிட்டுப் போட்டாலும் "ஒருத்தர் கேட்கிறார், கூட்டம் எரிச்சலடைகிறது" என்பது வந்துவிடும். மாறாதவர், திரும்பச் சொல்பவர், மாறிக்கொண்டே போகிறவர் என்ற மூன்று நடத்தைகளும் ஒலியிலேயே இருக்கின்றன. கேட்பது யார், எதைப் பற்றி என்பதைத்தான் ஊர் நிரப்பும்.

நாலாங்கட்டை | 5 மார்ச் 2024, பகல் 1:10

திரும்ப வருவதைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. நவீன இசையமைப்பாளர்கள் பெரியோ, கார்ட்டர் இருவரின் இசைத் துணுக்குகளை எடுத்து, அவற்றின் சில பகுதிகளை வெட்டி ஒட்டித் திரும்ப வரும்படி செய்து மார்குலிஸ் 2013-இல் சோதித்தார். இசையமைப்பாளர் எழுதாத அந்தத் திரும்பல்கள் இருந்த வடிவத்தையே கேட்டவர்கள் அதிகம் ரசித்தார்கள். மனிதர் எழுதியதாக இருக்கும் என்றும் அதையே சொன்னார்கள். "புரியாத இசை" என்று நம் ஆட்கள் சொல்வது பெரும்பாலும் திரும்ப வராத இசையைத்தான். அதற்கு மருந்து எளிது: துணுக்கை வெட்ட வேண்டாம், முழு உருப்படியை இரண்டு தடவை போடுங்கள். பத்து நிமிடத்துக்கு மேற்பட்டதை முதல் கூட்டத்தில் எடுக்காதீர்கள்.

உறுமிக்காரர் | 5 மார்ச் 2024, இரவு 9:30

திரும்பத் திரும்ப வர்றதுன்னா அமெரிக்க இசையமைப்பாளர் ரைக் இருக்காரே. அந்தக் கைத்தட்டு உருப்படியில எந்தக் கதையும் எனக்கு வரல. ஆனா விட்டுட்டு எழவும் முடியல.

நாலாங்கட்டை | 5 மார்ச் 2024, இரவு 11:45

எழ முடியாமல் உட்கார்ந்திருந்தீர்களே, அதுதான் கதை. 1972-இல் எழுதிய உருப்படி, இரண்டு பேர், நான்கு கை. 12 மாத்திரைச் சொற்கட்டு: தகதிமி தகிட தக தகிட, ஒவ்வொன்றிலும் கடைசி எழுத்தை விழுங்க வேண்டும். த க தி – / த கி – / த – / த கி –. எட்டுத் தட்டு, நாலு மௌனம். ஒருவர் கடைசி வரை இதையே தட்டுவார். மற்றவர் 12 தடவை சேர்ந்து தட்டிவிட்டு ஒரு மாத்திரை தள்ளித் தொடங்குவார், பிறகு இன்னொரு மாத்திரை. 12 தள்ளலுக்குப் பிறகு இருவரும் மறுபடி ஒன்று.

நம் ஆட்கள் மூன்று அட்சர ரூபகம் போட்டு உட்கார்வார்கள். நிலையாக இருப்பவர் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில் தொடங்குவார்; நகர்பவரின் எடுப்பு, அதாவது தொடங்கும் இடம், தள்ளி. அங்கிருந்து ஒவ்வொரு நிலையும் "எப்போது சேர்வார்கள்" என்ற காத்திருப்புதான், முடிவுச் சொற்கட்டான கோர்வை வந்து விழக் காத்திருப்பது போல. பாத்திரம், இடம், சம்பவம் ஒன்றும் வேண்டாம். பிரிவும் சேர்வும் போதும். பாதியில் இருவரும் எதிரெதிர் மூலையில் நிற்கும்போது மூன்றாவது ஆள் தட்டுவதுபோல் ஒரு புதுச் சொல் கேட்கும். அது இருவரில் யாரும் தட்டாத சொல். அதைக் கேட்டுவிட்டீர்களா, உறுமிக்காரரே?

ஒரு எச்சரிக்கை. கேட்பவர்கள் சேர்ந்து தட்ட ஆரம்பித்தால் எப்போதும் நிலையானவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள், நகர்பவர் காணாமல் போவார். தாளம் தொடையில் மட்டும், சத்தமில்லாமல்.

லயத்துவாசல் | 6 மார்ச் 2024, இரவு 8:15

சரி, பெயரில்லாமலும் ஏதோ வருகிறது. அப்படியானால் பெயரும் குறிப்பும் எதற்கு? எடுத்துவிடலாமே.

நாலாங்கட்டை | 6 மார்ச் 2024, இரவு 9:55

எடுக்க வேண்டாம், தள்ளி வையுங்கள். 2010-இல் வந்த இன்னொரு சோதனையில் பீத்தோவன் குவார்ட்டெட் (நாலு தந்தி வாத்தியங்களுக்கான உருப்படி) துணுக்குகளுக்கு முன் விளக்கம் படிக்கக் கொடுத்தபோது ரசிப்பு கூடவில்லை, குறைந்தது. விளக்கம் முதலில் வந்தால் காது அதைச் சரிபார்க்கும் வேலையில் இறங்கிவிடுகிறது. பின்னால் வந்தால் அது கருவி.

கதை நல்லதா இல்லையா என்று பார்க்க நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: அந்தக் கதையைத் தெரிந்துகொண்ட பிறகு, முன்பு கேட்காத ஒன்று காதில் விழுகிறதா? ஹானெக்கரின் "பசிஃபிக் 231"-ஐ எடுங்கள், 1923. அதற்கும் பெயர் பிறகுதான் வந்தது. ரயில் எஞ்சின் என்று தெரிந்ததும் வேகம் கூடுவதைக் கவனிப்பீர்கள். இன்னும் கூர்ந்து கேட்டால், அடிப்படைத் தாளம் மெதுவாகிக்கொண்டே வருகிறது, சுரங்கள்தான் பொடிப்பொடியாகி வேகமாகக் கேட்கின்றன என்பது பிடிபடும். ரயில் கதை அங்கே கொண்டுபோய் விட்டது. அதோடு அதன் வேலை முடிந்தது.

கரும்புக்கொல்லை | 7 மார்ச் 2024, காலை 10:05

ரயில் என்றதும் ஞாபகம் வந்தது. ரைக்கின் "வெவ்வேறு ரயில்கள்" நம் பெரியவர்களுக்குப் போடலாமா? ஆங்கிலம் தெரியாதவர்கள் பாதிப் பேர்.

நாலாங்கட்டை | 7 மார்ச் 2024, இரவு 10:30

கட்டாயம் போட வேண்டும். ஆனால் ஏற்பாடு தேவை, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரைக், 1988. தந்தி குவார்ட்டெட்டும் ஒலிநாடாவும். சுமார் 27 நிமிடம், மூன்று பகுதிகள்: போருக்கு முன் அமெரிக்கா, போரின்போது ஐரோப்பா, போருக்குப் பின். சிறுவயதில் பிரிந்திருந்த பெற்றோருக்கிடையே நியூயார்க்குக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் ரயிலில் போய்வந்தவர் அவர். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவில் இருந்திருந்தால், யூதரான தனக்கு வேறு ரயில் கிடைத்திருக்கும் என்ற நினைப்பிலிருந்து பிறந்தது. தன்னை வளர்த்த ஆயா, ஓய்வுபெற்ற ரயில் ஊழியர், நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பியவர்கள் ஆகியோரின் பேச்சுப் பதிவுகளை நறுக்கினார். அந்தப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே சுரமாக எழுதினார். பெண் குரலுக்கு வியோலா, ஆண் குரலுக்கு செல்லோ.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்கு இங்கேதான் வழி திறக்கிறது. பெரும்பாலும் வாத்தியம் முதலில் அந்தப் பேச்சின் ராகத்தை வாசித்துவிடும், குரல் பிறகு வரும். பொருள் தெரியாவிட்டாலும் "இதைத்தான் அந்த வியோலா சொன்னது" என்று தெரியும். புதுத் துணுக்கு வரும்போதெல்லாம் வேகமும் திடீரென்று மாறும், அதுவே அத்தியாயப் பிரிவு. முதல் பகுதியில் 1939, 1940, 1941 என்ற ஆண்டுகள் காதில் விழும், அது யாருக்கும் புரியும். ஊதல்களைக் கேளுங்கள்: அமெரிக்க ரயிலுடையது நீளமானது, ச-ப, ச-ம போன்ற திறந்த இடைவெளி. ஐரோப்பியது குட்டையான, மூன்று சுரம் சேர்ந்த அலறல். இரண்டாம் பகுதியில் அதோடு அபாயச் சங்கும் சேரும். ஊதல் மாறியதும் நாடு மாறிவிட்டது. மொழி தேவைப்படவில்லை.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். இங்கே பெரியவர்கள் அந்த இரண்டாம் பகுதியில் ஐரோப்பாவுக்குப் போகமாட்டார்கள். சயாமுக்குப் போவார்கள். 1942, 43-இல் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைச் சரக்கு ரயிலில் ஏற்றினார்கள். திரும்பாதவர் இல்லாத தோட்டம் குறைவு. அந்தப் பெரியவரிடம் "இல்லை ஐயா, இது போலந்து" என்று திருத்தப் போகாதீர்கள். ரைக்கின் கேள்வியே "அதே ஆண்டில் நான் வேறிடத்தில் இருந்திருந்தால் எந்த ரயில்" என்பது. அதே ஆண்டில் இங்கே ஓடிய ரயிலை அவர் நினைப்பது அந்தக் கேள்விக்குள்ளேயே நிற்கிறது.

ஆனால் இசை யாரைப் பற்றியது என்பதையும் பிறகு சொல்லத்தான் வேண்டும். அந்தக் குரல்கள் உயிரோடு மீண்ட யூதர்களின் குரல்கள். நம் துயரத்தை அதன் மேல் போட்டு அவர்களை மறைத்துவிடக் கூடாது. முதல் கேட்பில் குறிப்பில்லை. இரண்டாம் கேட்புக்குமுன் பேச்சுத் துணுக்குகளைத் தமிழில் வரிசையாகக் கொடுங்கள்.

கரும்புக்கொல்லை | 8 மார்ச் 2024, காலை 9:20

நன்றி அண்ணே. சோவியத் இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் எட்டாவது குவார்ட்டெட் கதையை நான் சொல்லிவிடுகிறேன், அதில் சந்தேகமே இல்லை. நாலாம் பகுதியில் வரும் மூன்று தட்டும் ரகசியப் போலீஸ் நள்ளிரவில் கதவைத் தட்டுவது.

நாலாங்கட்டை | 8 மார்ச் 2024, இரவு 9:05

சந்தேகத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. அதே மூன்று தட்டை விமானத்திலிருந்து விழும் குண்டு என்று கேட்பவர்களும் உண்டு. 1960 ஜூலையில் மூன்று நாளில் எழுதி முடித்தார். உருப்படியின் தலைப்பில் எழுதியிருப்பது பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களின் நினைவுக்கு என்று. நண்பர் கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்திலோ, தன் நினைவுக்கே எழுதிக்கொண்டது போலச் சொல்கிறார். இரண்டு கதைகளையும் அவரே கொடுத்திருக்கிறார்.

ஒலியில் உறுதியாக இருப்பது அவருடைய பெயர். செல்லோவில் தொடங்கும் நாலு சுரம். ஜெர்மன் குறிமுறைப்படி அந்தச் சுரங்களின் எழுத்துகள் அவர் பெயரின் முதலெழுத்துகள் ஆகும். நம் முறையில், சட்ஜத்தை அவர்களுடைய முதல் கட்டையில் வைத்தால், ரி2 க2 ச, பிறகு கீழே நி3. கீரவாணி வாடை வரும். கர்நாடக இசைக் காதுக்கு அந்த வாடையே வலை: ராகமாகப் பிடித்துக்கொண்டு ஆலாபனைக்குக் காத்திருந்தால் சீக்கிரம் கைவிட்டுவிடும். நாலு சுரத்தை ஓர் ஆளாகப் பின்தொடருங்கள். முதல் பகுதியில் மெல்ல நுழைகிறார், இரண்டாவதில் கத்துகிறார், மூன்றாவதில் வால்ட்ஸ் ஆடுகிறார், ஐந்தாவதில் மறுபடி தனியாக. இடையில் தன் பழைய உருப்படிகளிலிருந்து துண்டுகளை எடுத்துப் போட்டுக்கொண்டே போகிறார்.

அந்தத் தட்டுகளுக்கிடையே மெல்லிய ஒற்றைச் சுரம் நீடித்துக்கொண்டிருக்கும். அதைக் கேட்காமல் தட்டை மட்டும் எண்ணினால், போலீஸ் கதையும் குண்டுக் கதையும் ஒரே அளவு வறட்சி. 1948 ஜூனில் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரகாலம் தொடங்கியதே நம் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில்தான். இங்கே கதவுதான் முதலில் நினைவுக்கு வரும், நியாயம்தான். நீடிக்கும் அந்தச் சுரத்தையும் உங்கள் கதவுக் கதைக்குள் கொண்டுவர முடிகிறதா பாருங்கள்: உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது யார்? முடிந்தால் உங்கள் கதை குண்டுக் கதையைவிட ஒரு படி மேல்.

ஐந்து பகுதிகளும் இடைவெளியில்லாமல் ஓட வேண்டும். கைப்பேசிச் செயலி ஒவ்வொரு பகுதிக்கும் நடுவே இடைவெளி விட்டால், அல்லது விளம்பரம் புகுந்தால், ஆள் ஐந்து பேராகிவிடுவார். ஒரே கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துவாசல் | 9 மார்ச் 2024, இரவு 7:50

எஸ்தோனிய இசையமைப்பாளர் பார்ட்டின் "கான்டுஸ்" கைப்பேசியில் கேட்டேன். வெறும் இறங்குமுகச் சுரவரிசை. கதை எங்கே, சொல்லுங்கள்.

நாலாங்கட்டை | 9 மார்ச் 2024, இரவு 9:15

கைப்பேசியில் கேட்டதுதான் காரணம். அதில் பாதி வாத்தியங்கள் காணாமல் போகும். 1977-இல், அதற்கு முந்தைய டிசம்பரில் இறந்த ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனுக்காக எழுதியது. ஒரு மணி, தந்திகள். முதல் வயலின் ஓர் இறங்குவரிசையைத் தொடங்கும். இரண்டாம் வயலின் அதையே பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே. பிறகு வியோலா, செல்லோ, டபுள் பேஸ், ஒவ்வொன்றும் மேலே உள்ளதன் பாதி வேகத்தில். வயலின் 16 அடி வைக்கும் நேரத்தில் பேஸ் ஒரு அடி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சுரம் கூடுதலாக இறங்கும். தன் கடைசிச் சுரத்தை அடைந்தவர் அங்கேயே நின்றுவிடுவார், மற்றவர்கள் வந்து சேரும் வரை.

வேகமாகப் போனவர் முதலில் போய்ச் சேர்ந்து காத்திருக்கிறார். இதை இருபது பேர் கேட்டால் இருபது வீட்டுச் சாவு வரும், பெயரைச் சொல்லத் தேவையே இல்லை. ஆனால் பேஸ் கேட்காவிட்டால் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே தெரியாது. நல்ல பெட்டி ஒலிபெருக்கியில், தரையிலிருந்து சற்று உயர்த்தி வைத்துக் கேளுங்கள். முடிவில் தந்திகள் நின்ற பிறகும் மணியின் அதிர்வு இருக்கும். அதற்குள் யாரும் விசிறியைப் போட எழுந்துவிடக் கூடாது.

உறுமிக்காரர் | 9 மார்ச் 2024, இரவு 10:40

மூணாவது ஆளோட தட்ட கேட்டுட்டேன் அண்ணே. ஏழாவது நிலைகிட்ட. விடிய விடிய அதுவே ஓடுது.

கரும்புக்கொல்லை | 10 மார்ச் 2024, காலை 8:10

அடுத்த ஞாயிறு ஐவ்ஸும் பார்ட்டும் வைக்கிறோம். மண்டபத்தில் விசிறிச் சத்தம், வெளியே செம்பனை லாரி. ஐவ்ஸில் தந்தி கேட்குமா? கேட்பவர்களைத் தாளில் என்ன எழுதச் சொல்ல வேண்டும்?

நாலாங்கட்டை | 10 மார்ச் 2024, காலை 9:00

விசிறியை அந்த ஆறு நிமிடத்துக்கு நிறுத்துங்கள், கதவைச் சாத்த வேண்டாம். ஒலியளவைத் தொடக்கத்துத் தந்திகளை வைத்து முடிவு செய்யாதீர்கள். குழல்களின் கடைசிப் பதில்தான் மிகப் பலமான இடம். முன்கூட்டியே அங்கே ஓட்டி, காது தாங்கும் அளவில் வைத்துவிட்டுப் பிறகு முதலிலிருந்து போடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் யாராவது ஓடிவந்து குறைப்பார்கள், தந்தி அதோடு போய்விடும்.

தாளில் "கதை எழுதுங்கள்" என்று கேட்டால் பள்ளிக் கட்டுரை வரும். மூன்று கேள்வி போதும்: மாறாமல் இருந்தது எது? திரும்பி வந்தது எது? எந்த இடத்தில் உடைந்தது? நாலாவது வரியை வெறுமையாக விடுங்கள், விரும்பியவர் ஆளையோ இடத்தையோ எழுதட்டும். சேர்ந்து பேசும் முன் தாளை வாங்கிவிடுங்கள், முதலில் பேசுகிறவரின் கதை எல்லாருக்கும் தொற்றிக்கொள்ளும். வாங்கிய பிறகு பெயரைச் சொல்லி, இரண்டாம் தடவை போடுங்கள்.

ரைக்கின் பேச்சுத் துணுக்குகளை இந்த வாரம் தமிழில் தட்டச்சு செய்து அனுப்புகிறேன். வரிசை மட்டும், விளக்கம் இல்லாமல். பெரியவர்கள் படிக்கும்படி எழுத்தைப் பெரிதாக்கி அச்செடுங்கள்.